இடம், தூரம், எல்லை, அளவு: புவியியலின் அடிப்படைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் பல வருடமாகப் புவியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரையறைகள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. இங்கே உதாரணங்களுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஊர்கள்தான்.

புவியியல் என்றால் நாடு, தலைநகரம், ஆறு, மலை என்று மனப்பாடம் செய்வதுதானே?

பெயர்கள் தெரியாமல் பேச முடியாது, அதனால் கொஞ்சம் மனப்பாடமும் வேண்டும். ஆனால் பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, பக்கத்தில் இருப்பவற்றோடு அதற்கு என்ன உறவு: இந்த மூன்றையும் விடாமல் கேட்பதுதான் புவியியலாளரின் வேலை.

ஜூன் மாதம் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு பஸ் ஏறிப் பாருங்கள். சுமார் 50 கி.மீ. பயணம். ஏறும்போது குடை விரிக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது சிலுசிலுவென்று காற்று மட்டும் அடிக்கும், அதிகம் போனால் தூறல். கோவையில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலக்காட்டில் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு. ஈரக்காற்று மேலே ஏறினால்தான் குளிர்ந்து மழையாகும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் ஏறி, சுமந்து வந்ததில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுபோகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்றுக்கு ஏறுவதற்கு மேடே இல்லை. அதனால் குளிர்ச்சியும் வேகமும் குறையாமல் வருகிறது, மழையை மட்டும் அவ்வளவாகக் கொண்டுவருவதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. மலை எங்கே, இடைவெளி எங்கே, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் மீதியை நீங்களே சொல்லிவிடலாம்.

அமைவிடம், இடம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அமைவிடம் என்பது விலாசம் மாதிரி. சென்னையின் அமைவிடம் ஏறத்தாழ 13°05' வடக்கு, 80°16' கிழக்கு. அந்த இரண்டு எண்களை வைத்து உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் சென்னையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சென்னை எப்படிப்பட்ட ஊர் என்று அந்த எண்களில் ஒரு வார்த்தை கூட இல்லை. மண், தண்ணீர், மனிதர்கள், அவர்கள் வைத்த பெயர்கள், அவர்களுடைய நினைவுகள் எல்லாம் படிந்து படிந்து உருவாவதுதான் இடம்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி தெரியாது. கடைகள், அடுக்குமாடிகள், வண்டிகள்தான் தெரியும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று இருந்தது. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்றே குறிப்பிட்டார்கள். 1920களில் அதை வற்றவைத்து தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போய்விட்டது, தெருப்பெயர் தங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருப்பதும் இதே கதைதான். பெரிய மழை பெய்யும்போது தண்ணீர் ஏன் அந்தத் தெருக்களைத் தேடி வருகிறது என்று கேட்கிறார்கள். தண்ணீர் பழைய பள்ளத்துக்குத்தான் வருகிறது. இந்த நினைவை அட்சமும் தீர்க்கமும் சொல்லாது, தெருப்பெயர் சொல்லும்.

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எதற்கு?

இலங்கைப் பாடநூல்களில் அகலக்கோடு, நெடுங்கோடு என்று வரும், இரண்டும் ஒன்றுதான். அட்சக்கோடு நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கு அல்லது தெற்கு என்று சொல்கிறது. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. தீர்க்கக்கோடு கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கு அல்லது மேற்கு என்று சொல்கிறது. அதோடு நேரத்தையும் சொல்கிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுவதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம்.

இந்திய நேரம் 82°30' கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை அதற்கு இரண்டே கால் பாகை மேற்கே இருப்பதால், சூரியனை வைத்துப் பார்த்தால் சென்னையின் நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால் இருக்கும். இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் மெட்ராஸ் நேரம் தனியாகவே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தை ஆதாரமாகக் கொண்ட நேரம் அது. இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் அந்த நேரப்படிதான் ஓடின.

மோசமான இடத்தில் ஒரு பெரிய நகரம் எப்படி வளர முடியும்?

இதற்கும் சென்னையே நல்ல உதாரணம். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் என்று சொல்ல எதுவும் இல்லை. நேர்க்கோடாக நீண்ட மணற்கரை, ஓயாத அலை. கப்பல்கள் கடலிலேயே நிற்கும். மசூலா என்ற தைத்த படகுகளில்தான் ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தார்கள். நிலத்தை மட்டும் பார்த்தால் யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் நெசவாளர்கள் இருந்தார்கள், துணி மலிவாகக் கிடைத்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

ஊர் நிற்கும் தரை எப்படி என்பது ஒரு கேள்வி. அந்த ஊர் எவற்றுக்கு நடுவில், எவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது வேறு கேள்வி. பெரும்பாலான ஊர்களின் விதியை இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

கொங்கு நாடு, செட்டிநாடு, கரிசல் காடு இவற்றுக்கெல்லாம் எல்லை எங்கே?

மாவட்டத்துக்கு அரசாணை இருக்கிறது. எல்லை துல்லியமாகத் தெரியும். செட்டிநாட்டுக்கு அப்படி இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வீடு, சமையல், கோயில் உறவு எல்லாம் சேர்ந்துதான் அது செட்டிநாடு.

புவியியலாளர்கள் வட்டாரங்களை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். முதலாவது, ஏதோ ஒரு தன்மை எங்கும் ஒன்றாக இருப்பதால் அமையும் வட்டாரம். கரிசல் காடு அப்படிப்பட்டது. மண்ணின் நிறம் மாறும் இடத்தில் வட்டாரமும் முடிகிறது. இரண்டாவது, ஒரு மையத்தோடு கட்டப்பட்ட வட்டாரம். கோயம்பேட்டுக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து காய்கறி வருகிறதோ அவை எல்லாம் சேர்ந்து ஒரு வட்டாரம். அங்கே மண்ணும் மொழியும் வெவ்வேறாக இருக்கலாம், லாரி போகும் திசை ஒன்று. மூன்றாவது, மக்கள் மனதில் இருக்கும் வட்டாரம்.

இந்த மூன்றாவதுதான் வகுப்பில் சண்டையைக் கிளப்பும். "கரூர் கொங்கா இல்லையா" என்று கேட்டால் ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். எல்லை மண்ணில் இருப்பதல்ல, எதற்காகக் கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மண்ணுக்காகப் போட்ட கோடும் பேச்சுவழக்குக்காகப் போட்ட கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அளவை என்றால் என்ன? பெரிய அளவை வரைபடம் சின்னப் பகுதியைக் காட்டும் என்கிறார்களே, அது எப்படி?

எல்லோரையும் குழப்பும் இடம் இது. அளவை என்பது ஒரு பின்னம். 50,000ல் ஒன்று என்றால் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரை கி.மீ. 1/50,000 என்பது 1/10,00,000ஐ விடப் பெரிய எண் அல்லவா? அதனால் அது பெரிய அளவை. ஊர், கிணறு, ஒற்றையடிப் பாதை எல்லாம் தெரியும். ஆனால் காகிதத்தில் கொஞ்சம் நிலம்தான் அடங்கும். அட்லஸில் வரும் உலக வரைபடம் சிறிய அளவை.

குழப்பம் தீர்ந்ததா? சரி, அடுத்ததுதான் முக்கியம். அளவையை மாற்றினால் பதிலும் மாறும்.

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கி.மீ. என்று நாமெல்லாம் படித்தோம். இப்போது 11,098 கி.மீ. என்கிறார்கள். தமிழ்நாட்டின் கடற்கரை 906 கி.மீட்டரிலிருந்து 1,068 கி.மீ. ஆகியிருக்கிறது. கடல் பின்வாங்கவில்லை, புது நிலமும் சேரவில்லை. 1970களில் கணக்கிட்டது 45 லட்சத்தில் ஒன்று என்ற அளவையில். புதுக் கணக்கு இரண்டரை லட்சத்தில் ஒன்று என்ற அளவையில். சிறிய அளவையில் ஒரு கழிமுகமோ சின்ன விரிகுடாவோ நேர்க்கோடாகத் தெரியும். பெரிய அளவையில் அதே இடம் உள்ளே போய் வளைந்து வெளியே வரும். அந்த வளைவுகளையும் கூட்டினால் நீளம் ஏறத்தான் செய்யும். இன்னும் நுணுக்கமாக அளந்தால் இன்னும் ஏறும்.

வகுப்பில் இதைச் செய்து பார்ப்போம். ஒரே கடற்கரைப் படத்தை ஒரு பிள்ளை தீக்குச்சியால் அளக்கும், இன்னொரு பிள்ளை நூலால் அளக்கும். நூல்காரருக்குத்தான் எப்போதும் அதிக நீளம் வரும். "அப்போ உண்மையான நீளம் எது சார்?" என்று யாராவது கேட்பார்கள். எந்த அளவுகோலால் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்று சொன்னால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

புள்ளிவிவரத்துக்கும் இதே கதிதான். மாவட்டச் சராசரி நன்றாக இருக்கும். அதே மாவட்டத்தில் ஒரு ஒன்றியம் தண்ணீருக்குத் தவிக்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும், எந்த அளவில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

வரைபடம் பொய் சொல்லுமா?

உருண்டையைத் தட்டையாக்கினால் ஏதாவது ஒன்று சிதையும். பழைய பிளாஸ்டிக் பந்து ஒன்றை வெட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். கிழியாமல், இழுபடாமல் படுக்காது. அந்த இழுபடலை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான் கோட்டுச்சட்டம்.

1569ல் மெர்கேட்டர் வரைந்த வரைபடம் மாலுமிகளுக்கானது. அதில் ஒரு நேர்க்கோடு போட்டு, அந்தக் கோட்டின் திசையைத் திசைமானியில் பிடித்துக்கொண்டே கப்பலை ஓட்டலாம். அந்த வசதிக்குக் கொடுத்த விலை, துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப்போவது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இந்தியாவே கிரீன்லாந்தை விடப் பெரியது: நம்முடையது ஏறத்தாழ 33 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்து 22 லட்சத்துக்கும் குறைவு. கப்பல் ஓட்டுவதற்கான படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டியதுதான் தவறு. படத்தின் மேல் தவறில்லை.

சரி, அளந்து வரைபடம் போடுவது எப்படித் தொடங்கியது?

இந்தியாவை முழுதாக அளக்கும் வேலை நம் ஊரில்தான் தொடங்கியது. அது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற செய்தி. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஓர் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. நீளம். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, நீண்ட அளவுக்கு ஏற்பத் திருத்தித் திருத்திக் கணக்குப் போட்டார்கள்.

ஒரே ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. இப்படி இமயமலை வரைக்கும் போனார்கள். முதல் கோட்டில் பிழை இருந்தால் கடைசி மலை வரை பிழை ஏறும்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. மலை இருந்தால் உச்சிக்குத் தூக்குவார்கள். தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? 1808ல் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, பாகை குறித்த வட்டத் தகடு நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து அந்தத் தகட்டை இழுத்து இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

அவர் 1823ல் இறந்தார். பிறகு பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்தான் சிகரத்துக்கு வைக்கப்பட்டது. 1856ல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அது 8,840 மீட்டர். இன்றைய அளவு 8,848.86 மீட்டர். பரங்கிமலையடிவாரத்தில் சங்கிலி பிடித்துத் தொடங்கிய கணக்கு, அத்தனை தூரம் போய் 9 மீட்டர்தான் விலகியிருக்கிறது.

தூரத்தை கிலோமீட்டரில்தானே அளக்க வேண்டும்?

கிலோமீட்டரும் ஓர் அளவு, அவ்வளவுதான். நேரம், செலவு, அனுமதி எல்லாமே தூரம்தான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கி.மீ. 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது; 1980களில் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. இன்று ராமேஸ்வரத்தில் இருப்பவர் மன்னாருக்குப் போக வேண்டுமென்றால் விமான நிலையத்தைத் தேட வேண்டும், அல்லது நாகப்பட்டினம் போய் 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்க வேண்டும். கடல் அதே 30 கி.மீ.தான். என் தாத்தா தலைமுறைக்குப் பக்கத்து ஊராக இருந்த கரை எனக்கு வெளிநாடு.

பக்கத்தில் இருப்பவை ஒன்றுபோல இருக்கும் என்று ஒரு விதி இருக்கிறதாமே?

புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970ல் சொன்னது. எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் பக்கத்தில் இருப்பவற்றுக்குள் தொடர்பு அதிகம் என்பது அதன் சாரம். கேட்டால் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இதை வைத்துத்தான் மழைமானி இல்லாத ஊரின் மழையைப் பக்கத்து ஊர்களின் மழையிலிருந்து மதிப்பிடுகிறோம்.

நோயின் காரணத்தைப் பிடிக்கவும் இது உதவியிருக்கிறது. 1854ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவு விழுந்த வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த அடிபம்பைச் சுற்றிக் குறிகள் நெருங்கி நின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது, குறி விழாத இடங்களை அவர் கவனித்த விதம். பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தும் ஏன் வித்தியாசம் என்ற கேள்விதான் காற்றை விடுவித்து தண்ணீரைக் காட்டிக்கொடுத்தது.

பரவல் என்றால்?

ஒரு பொருளோ, பழக்கமோ, நோயோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் விதம். மிளகாய் நம்முடையது அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பெயரே சாட்சி: ஏற்கெனவே நம்மிடம் காரத்துக்கு இருந்தது மிளகு, புதிதாக வந்த காய் மிளகாய். சில பரவல்கள் பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று போகும். சில, பெரிய நகரத்திலிருந்து சின்ன நகரத்துக்குத் தாவி, நடுவில் உள்ள கிராமங்களுக்குக் கடைசியில்தான் வரும். உடை மோகங்கள் அப்படித்தான். இன்னும் சில, மனிதர்களே சுமந்து கொண்டுபோனவை. மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசத்தன்று காவடி ஆடுவது, தோட்ட வேலைக்கும் பிற வேலைக்கும் போன தமிழர்கள் கொண்டுபோனதுதான்.

நிலம் மனிதனைத் தீர்மானிக்கிறதா, மனிதன் நிலத்தை மாற்றுகிறானா?

வெயில் நாட்டவர் சோம்பேறி, குளிர் நாட்டவர் சுறுசுறுப்பு என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதைப் புவியியல் என்ற பெயரில் சொன்னார்கள் என்பது இந்தப் பாடத்துக்கு அவமானம்; ஆளுகிறவர்களுக்கு வசதியாக இருந்த பேச்சு அது. பிரெஞ்சுப் புவியியலாளர் விதால் த லா பிளாஷ் வழி வந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: நிலம் சில வாய்ப்புகளைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்வது என்பது மனிதர் கையில்.

நம் ஏரிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மழை சில மாதங்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அது நிலம் கொடுத்தது. சரிவின் குறுக்கே கரை போட்டுத் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விட்டு, நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பியது மனிதர் செய்தது. சுமார் 39,000 ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. இலங்கையின் உலர் வலயத்திலும் குளங்கள் இப்படிச் சங்கிலியாகவே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு: சுண்ணாம்புக்கல் நிலம், வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. அங்கே மக்கள் கிணற்றையும் துலாவையும் நம்பி வாழ்ந்தார்கள்.

நினைக்காமல் மாற்றுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது. ஒரு பக்கம் காற்று வாங்கும் மணற்பரப்பு, மறுபக்கம் வீடிழந்த மீனவர் குடும்பங்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே சுவர்.

மேலே ஓர் ஊரில் செய்வது கீழே இன்னோர் ஊரை ஏன் பாதிக்கிறது?

நொய்யல் ஆறு திருப்பூர் வழியே போய்க் காவிரியில் சேர்கிறது. திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, சாயக்கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கியது. கீழே இருந்த கிணறுகளும் வயல்களும் கெட்டன. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மாவட்ட எல்லை நடுவில் இருக்கலாம், தண்ணீருக்கு அது தெரியாது. ஆற்றைப் படிப்பவர் மாவட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வடிநிலத்தை, அதாவது அந்த ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்துவரும் நிலப்பரப்பு முழுவதையும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்திணையைப் புவியியல் என்று சொல்லலாமா?

அது கவிதை இலக்கணம். நவீனப் புவியியலை நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன 'இடம்' என்ற கருத்தை விளக்க அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், விலங்கு, தொழில், தெய்வம் கருப்பொருள். அங்கே மனிதர் உணர்வது உரிப்பொருள். நிலம், வாழ்க்கை, உணர்வு மூன்றையும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதிலும் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் அது பாலை. நிலத்தின் வகை நிலையானதல்ல, காலத்தோடு மாறும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

போன் வழி காட்டும். அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று காட்டாது.

எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் ஊரின் டோப்போ ஷீட்டை, அதாவது நில அமைப்பைக் காட்டும் விரிவான வரைபடத்தை, இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 50,000ல் ஒன்று என்ற அளவையில் இருக்கும். நீலம் தண்ணீர், பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள், மஞ்சள் விளைநிலம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்தால் மழைக்காலத்தில், ஊர் ஏரிக்குப் போங்கள். கலிங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தண்ணீர் போகும் வாய்க்காலைப் பிடித்து அடுத்த ஏரி வரை நடங்கள். வழியில் வாய்க்கால் காணாமல் போகும் இடம் வரலாம். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று ஷீட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வயதான யாராவது இருந்தால், "முன்னே தண்ணி எந்தப் பக்கமா போகும்ங்கய்யா?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்.